மணலுக்குப் போகும் வண்டி

என் இளைய சகோதரன் ஓமான் நாட்டின் நிஸ்வா நகரில் மோட்டார் மெக்கானிக். அங்கே போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. 2025 பிப்ரவரியில் மதரஸாவுக்கு ஷஃபான் விடுமுறை விட்டதும் அவனைக் காணச் சென்றிருந்தேன். நிஸ்வாக் கோட்டையையும், வெள்ளிக்கிழமைக் காலையில் கூடும் ஆட்டுச் சந்தையையும் முதலிரண்டு நாட்களில் பார்த்து முடித்தேன். மற்ற நாட்கள் அவனுடைய பட்டறையில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் ஒன்றின் மேல் அமர்ந்தே கழிந்தன. அங்கே நான் கண்ட ஒரு வேலையைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன். வளைகுடாவில் பிள்ளையையோ கணவரையோ உடன்பிறந்தாரையோ வைத்திருக்கும் இல்லங்கள் நம் வாசகர்களிடையே ஏராளம். அவர்கள் அங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்பதை மாதந்தோறும் வரும் பணத்தின் வழியாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம்.

பட்டறைக்கு ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. 1994ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ். இரட்டைக் கேபின், நான்கு சக்கர இயக்கம், 2.4 லிட்டர் பெட்ரோல் என்ஜின். முப்பதாண்டு வெயிலில் அதன் வெள்ளை நிறம் எலும்பின் நிறமாகியிருந்தது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஓமானியர் ஒருவர் தம் அண்ணனின் பேரீச்சந் தோட்டத்திலிருந்து அதை வாங்கியிருந்தார். பட்டறையில் எல்லோரும் அவரை ‘உஸ்தாத்’ என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் கேட்கும் போதெல்லாம் நானும் திரும்பிப் பார்த்தேன். மனைவி, வயதான தாயார், இரு புதல்வர்கள் ஆகியோருடன் குளிர்காலத்தில் மணற்பாலைக்கும் மலைக்கும் சென்று இரவு தங்கி வரத்தக்கதாக வண்டியை அமைத்துத் தரவேண்டும் என்பது அவரது விருப்பம். நான் கிதாபுகளில் படித்த அரபியில் அவரிடம் பேச முயன்றேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, மறுமொழியை என் தம்பியின் உடைந்த அரபிக்கே கூறினார்.

அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. மூத்த மகன் படங்களைப் பார்த்துத் தயாரித்தது. வண்டியின் கூரைமேல் விரியும் கூடாரம், அதைத் தாங்க இரும்புக் கேரியர், முன்புறம் கனத்த இரும்பு பம்பர், அதில் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் வின்ச், குளிர்ப்பெட்டி, அதற்கென இரண்டாவது பேட்டரி, இரண்டாவது உதிரிச் சக்கரம் என்று அது நீண்டது. தம்பி முழுவதையும் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். “காக்கா, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான் சொல்கிற எடையை எழுதிக் கூட்டுங்கள்” என்றான்.

எழுதினேன். கூடாரம் 60 கிலோ. பம்பரும் வின்சும் 80. கேரியர் 40. குடிநீரும் புழங்கு நீரும் 80 லிட்டர், ஆகவே 80 கிலோ. இரண்டு கேன் பெட்ரோல் 40. உணவோடு குளிர்ப்பெட்டி 40. பேட்டரி 20. உதிரிச் சக்கரம் 30. ஜாக்கியும் கருவிகளும் 40. படுக்கை, பாத்திரம், அடுப்பு 60. ஆட்கள் ஐவர், 340. மொத்தம் 830 கிலோ. “இதை ஒரு டன் வண்டி என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஒற்றைக் கேபின் வண்டிக்குச் சொன்ன கணக்கு. கேபின் கூடினால் ஏற்றும் பாரம் குறையும். இதன் பட்டை ஸ்பிரிங்குகளோ முப்பது வருடம் பேரீச்சம்பழம் சுமந்தவை” என்றான் தம்பி.

உஸ்தாதுக்கு முகம் சுருங்கிற்று. பணம் தரத் தயாராக இருக்கும் ஒருவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் தொழிலாளியை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். பட்டறையின் முதலாளிக்கும் அது பிடிக்கவில்லை என்பதை அவர் தொண்டையைச் செருமிய விதத்தில் அறிந்தேன். பொருளைப் பூட்டினால்தான் பட்டறைக்கு வரும்படி. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதில் என்ன கிடைக்கும்?

ஆனால் தம்பி முதலில் கழற்றியது அந்த ரேடியேட்டரைத்தான். தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே பாதி குளிர்ச்சியைத் தந்துவிடுகிறது. மணலிலோ வண்டி நகர்வது மெதுவாக; என்ஜின் சுழல்வது வேகமாக. காற்றை இழுத்துத் தரும் விசிறியும் நீரைச் சுழற்றும் பம்பும் தவிர அங்கே வேறு துணை இல்லை. விசிறியின் கிளட்ச் தளர்ந்திருந்தது, மாற்றினான். ரப்பர்க் குழாய்களை விரலால் அழுத்திக் காட்டினான், மேற்பரப்பு நொறுங்கிற்று. அத்தனையும் மாற்றினான். கழற்றிய பழைய குழாய்களில் நல்லதாக இருந்த இரண்டை மட்டும் துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்தான், வழியில் உதவும் என்று.

அடுத்தது டைமிங் செயின். இவ்வகை என்ஜினில் அந்தச் சங்கிலி நழுவாமல் ஓடப் பக்கங்களில் பிளாஸ்டிக்கால் ஆன தாங்கிகள் உண்டு. காலப்போக்கில் அவை உடைகின்றன. உடைந்தபின் தளர்ந்து ஆடும் சங்கிலி முன்மூடியை உட்புறமிருந்து அறுக்கத் தொடங்கும். அறுத்து நீர்ப்பாதையை எட்டிவிட்டால் குளிர்நீர் எண்ணெயில் கலந்து என்ஜினே பாழாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. காலையில் என்ஜின் உயிர் பெறும்போது ஒரு சலசலப்பு மட்டும் கேட்கும். தம்பி அதைக் கேட்டிருந்தான். மூடியைத் திறந்தபோது ஒரு தாங்கி இரண்டு துண்டாகக் கிடந்தது. உஸ்தாதை அழைத்து அத்துண்டுகளை அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் நெடுநேரம் அதைப் புரட்டிப் பார்த்தார். கூரைக் கூடாரத்தைப் பற்றிய பேச்சு அன்றிலிருந்து சற்றுத் தணிந்தது.

அதன்பின் சேஸிஸை அங்குலம் அங்குலமாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். கடற்கரை ஈரத்தில் ஓடிய வண்டிகளின் சட்டத்தை உப்பு உள்ளிருந்து தின்றுவிடும். தோட்டத்து வண்டியாதலால் இது தப்பியிருந்தது. பிரேக், சக்கரங்களின் பேரிங், பின்புறப் பட்டைகளின் புஷ்கள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் புதுப்பித்தான். டயர்களின் பக்கச்சுவரில் பொறித்திருந்த நான்கு இலக்க எண்ணை எனக்குக் காட்டினான். முதலிரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவையாம். 2314 என்றிருந்தது, 2014ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பூப்பட்டை தேயாமல் புதிதுபோலவே இருந்தது. இருந்தும் நான்கையும் கழற்றி எறிந்தான். ஊரில் பழைய கார் வாங்கும் நண்பர்களுக்கு நான் இப்போது முதலில் சொல்வது இந்த எண்ணைப் பார்க்கும்படிதான்.

நான் கலைப் பட்டப்படிப்பில் வரலாறு படித்தவன். இயந்திரம் எனக்குத் தெரியாது. ஆயினும் பட்டறையில் உட்கார்ந்திருந்த நாட்களில் ரால்ஃப் பேக்னால்டு என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் நினைவு அடிக்கடி வந்தது. 1920களின் இறுதியில் எகிப்தில் பணியாற்றிய அவர், விடுமுறைகளில் நண்பர்களோடு ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைக்குள் சென்றவர். காரின் மேற்கட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இலேசான மரப்பெட்டியைப் பின்னால் பொருத்திக்கொண்டார்கள். கொதிக்கும் ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் நீராவியை ஒரு குழாய் வழியே டின்னுக்குள் செலுத்திக் குளிரவைத்து, அதே நீரைத் திரும்ப ரேடியேட்டருக்கு அனுப்பினார்கள். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் இட, நீண்ட இரும்புத் தகடுகளைக் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையாக இடுவதற்கென்று செய்தவை அவை. காரின் இரும்பு காந்த ஊசியைத் திசைமாற்றியதால், ஒரு செங்குத்து ஊசியின் நிழலைக்கொண்டு திசையறியும் சூரியத் திசைகாட்டியை பேக்னால்டு அமைத்தார். நிழலைக் கொண்டு தொழுகை நேரத்தைக் கணித்த சமுதாயத்தில் பிறந்த நமக்கு அதில் வியப்பதற்கு அதிகமில்லை. என்றாலும், ஓடும் காரில் அதை அமைத்தது சாமர்த்தியம்தான். மணல் காற்றில் எப்படி நகர்கிறது என்பதை ஆராய்ந்து 1941இல் அவர் வெளியிட்ட நூல், செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்வோருக்கும் பிற்காலத்தில் பயன்பட்டது. பேரரசின் சீருடையில் இருந்ததால் அவருக்குக் கிடைத்த வசதிகளையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் எடுத்துச் சென்றதைவிடக் கழற்றி எறிந்தது அதிகம் என்பதே என் மனத்தில் நின்றது.

உஸ்தாதின் பட்டியலை இறுதியில் குறைத்தது என் தம்பியும் அல்ல, பேக்னால்டும் அல்ல. ஒருநாள் மாலை அவருடைய மனைவி பட்டறைக்கு வந்தார். வண்டியின் உள்ளேயே அமர்ந்தபடி, கூரைக் கூடாரத்துக்கு ஏணி எத்தனை படி என்று மட்டும் கேட்டார். தம்பி கையால் உயரத்தைக் காட்டினான். “என் மாமியார் இரவில் இரண்டு முறை எழுந்து ஒளூ செய்பவர்” என்றார் அந்த அம்மையார். கூடாரம் அத்தோடு பட்டியலிலிருந்து நீங்கிற்று. அது நீங்கியதும் கேரியருக்கு வேலையில்லை. வின்சும் பம்பரும் தாமே விழுந்தன. மணற்கடலில் வின்சின் கம்பியைக் கட்ட மரமுமில்லை, பாறையுமில்லை. இரண்டாவது வண்டி ஒன்று உடன்வந்தால் வலுவான ஓர் இழுகயிறே போதும். தவிரவும், வண்டியின் வடிவை மாற்றும் எதையும் அந்நாட்டுப் போக்குவரத்துக் காவல்துறையின் ஒப்புதலின்றிச் செய்தால் பதிவைப் புதுப்பிக்கும் நாளில் சங்கடம்.

பின்புறத் தொட்டியில் ஒட்டுப்பலகையால் இரண்டு நீண்ட இழுப்பறைகள் செய்தார்கள். ஒன்றில் சமையல் சாமான், மற்றதில் கருவிகள். தண்ணீர்த் தொட்டியைக் கேபினை ஒட்டி, தரையோடு தரையாக அமைத்தான் தம்பி. கனமானவை தாழ்வாகவும் பின் அச்சுக்கு முன்னாலும் இருக்கவேண்டும். உயரத்தில் ஏற்றிய பாரம் சரிவில் வண்டியைக் குடை சாய்த்துவிடும். குடிநீருக்கென ஒரு பகுதியைத் தனியே மூடிவைத்தான். அதைத் தொடும் நிலை வந்தால் ஒளூ கிடையாது, தயம்மும்தான் என்று நான் சொன்னபோது உஸ்தாத் சிரித்தார். பெட்ரோலுக்கு ‘ஜெர்ரி கேன்’ இரண்டு. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் ஜெர்மானியர் வகுத்தது இதன் வடிவம். ஒழுகும் மெல்லிய தகர டின்களோடு ஆப்பிரிக்கப் பாலையில் அல்லல்பட்ட பிரிட்டிஷ் படையினர், கைப்பற்றிய கேன்களைப் பார்த்து அப்படியே செய்துகொண்டார்கள். ஜெர்மானியருக்கு அவர்கள் இட்டிருந்த கேலிப்பெயரே ‘ஜெர்ரி’. மேலே மூன்று பிடிகள் இருப்பதன் காரணம் கேட்டேன். நிறைந்த கேனை இருவர் சேர்ந்து தூக்கலாம், வெறுங்கேன்களை ஒரு கையில் இரண்டாகப் பிடிக்கலாம் என்று தம்பி செய்தே காட்டினான். மரப்பெட்டியின் கனம் 40 கிலோவையும் சேர்த்து நான் மீண்டும் கூட்டியபோது 690 வந்தது.

வண்டி ஆயத்தமானதும் உஸ்தாத் எங்கள் இருவரையும் உடன் அழைத்தார். தம்பிக்குச் சனிக்கிழமை விடுப்பை அவரே முதலாளியிடம் கேட்டு வாங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவை முடித்துக்கொண்டு, அவருடைய மைத்துனரின் ஜீப் துணைவர, கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். நானும் தம்பியும் ஜீப்பில். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடி பிதியா என்னும் ஊரை அடைந்தோம். வஹீபா மணற்பரப்பு என்று முன்பும், ஷர்கிய்யா மணற்பரப்பு என்று இப்போதும் அழைக்கப்படும் பாலையின் வாயில் அது. வழியில் வறண்ட வாதிகளைக் கடக்கும்போது உஸ்தாத் வண்டியை நிறுத்தி, அவற்றின் படுகையில் ஒருபோதும் கூடாரம் அடிக்கக்கூடாது என்று புதல்வர்களிடம் கூறினார். வானம் தெளிவாக இருக்கும்போதே தொலைமலையில் பெய்த மழை வந்துவிடும். 2024 ஏப்ரலில் அந்தப் பக்கத்தில் பெருக்கெடுத்த வெள்ளம் பள்ளிச் சிறுவர்கள் உட்படப் பலரைக் கொண்டுபோனது. ஆசிரியராக இருந்தவர், அதற்குமேல் அவரால் அதைப் பேச இயலவில்லை.

தார் முடிந்த இடத்தில் இறங்கி டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். சாலையில் 35 பவுண்டு இருந்ததை 18 ஆக்கினார்கள். காற்றுக் குறைந்த டயர் அகலத்தில் சிறிதும் நீளத்தில் மிகுதியுமாகத் தரையில் படிகிறது. ஒட்டகத்தின் பாதம்போலப் பாரம் பரவுகிறது. மற்றக் கருவிகளெல்லாம் சேர்ந்து செய்யாததைச் செலவில்லாத இந்த ஒன்று செய்கிறது. நான்கு சக்கர இயக்கத்தையும் அங்கேதான் சேர்த்தார்கள். தார்ச்சாலையில் அதைச் சேர்க்கக்கூடாதென்று தம்பி மூத்த மகனுக்கு விளக்கினான். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகின்றன. இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால் அந்த வேற்றுமைக்கு எங்காவது வழுக்க வேண்டும். மணல் இடம் கொடுக்கும், தார் கொடுக்காது. முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களின் மேல் ஏறும்.

மாலை மங்குமுன் ஒருமுறை புதைந்தது. ஏற்றத்தின் பாதியில் வேகம் குறைய, இளைஞன் பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். சக்கரங்கள் தமக்குத்தாமே குழி தோண்டிக்கொண்டன. எல்லோரையும் இறக்கிவிட்டு, கையாலும் மண்வெட்டியாலும் மணலை அகற்றி, காற்றை இன்னும் சற்றுக் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெல்ல இறக்கினார்கள். இருபது நிமிடம். பாட்டியார் அதுவரை ஒரு பாயில் அமர்ந்து பேரீச்சம்பழத்தை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். 830 கிலோவோடு வந்திருந்தால் எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று தம்பியைக் கேட்க நினைத்தேன். அவன் ரேடியேட்டர் மூடியருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கொதிக்கவில்லை.

அன்றிரவு அடுப்பில் சோறு வேகையில் அவன் என்னிடம் சொன்னான்: “காக்கா, இந்த மணலுக்குள் இருபது தடவைக்குமேல் வந்திருப்பேன். எல்லாம் நின்றுபோன வண்டிகளை மீட்க. இங்கே படுப்பது இதுதான் முதல் தடவை.” பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் வெளியே போய்வர அவன் வண்டி அமைத்துக் கொடுத்திருக்கிறான். அவனுடைய மனைவியும் இரு மக்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வைத்துக்கொள்ள அவனது வருமானம் இடம் தந்ததே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நாற்பது நாள் வந்து போகிறான். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததை அந்த இருட்டில் கேட்பது வேறாக இருந்தது.

மறுநாள் ஒரு சங்கடம் நேர்ந்தது. தார்ச்சாலைக்கு ஏறுமுன் டயர்களை மறுபடி நிரப்பவேண்டும். காற்றில்லாத டயரில் வேகமாகப் போனால் சூடேறி வெடித்துவிடும். வண்டியின் பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரஸர் இயங்க மறுத்தது. ஃபியூஸ் போயிருந்தது. குழாயிலிருந்து பிளக் வரை அத்தனைக்கும் உதிரி வைத்திருந்த தம்பி, அந்த அளவு ஃபியூஸை மட்டும் வைக்க மறந்திருந்தான். ஜீப்காரர் தம் கம்ப்ரஸரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சாலையோரமாக மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில், லாரிகள் ஒலியெழுப்பிக் கடக்க, பிதியாவின் பெட்ரோல் நிலையம் வரை ஊர்ந்தோம். உஸ்தாத் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. தம்பிதான் நிஸ்வா வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரவு அறைக்குத் திரும்பியதும் ஊருக்குப் பேசினான். மகளுக்கு வண்டியின் படங்களை அனுப்பியிருந்தான். எங்கே சமைத்தீர்கள், தண்ணீர் எங்கே இருந்தது, பாம்பு வருமா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை சொன்னான். பிறகு, “அந்த வண்டியில் எத்தனை பேர் உட்காரலாம் வாப்பா?” என்றாள். “ஐந்து பேர்” என்றான். “நாம் நான்கு பேர்தானே” என்றாள் அவள். அவன் பேச்சை மாற்றி, பரீட்சை எப்போது என்று கேட்டான்.

நான் புறப்படும் அன்று காலை பட்டறையில் இன்னொரு பிக்கப் நின்றது. இதுவும் பழையது, முன்னதைவிட மோசம். அதன் சொந்தக்காரரும் ஒரு பட்டியலோடு வந்திருந்தார். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்து என் பெட்டியை ஏற்றினான். நல்ல ஃபியூஸ் ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னான்.